அடங்காப் பிள்ளையும் அடியாக் கையும்

பேறுகளுள் எல்லாம் தலையாயது மக்கட்பேறு என்று நம் முன்னோர் போற்றினர். அப்பேற்றைப் பெறுதலினும், பெற்ற மக்களை நெறிப்படுத்தி வளர்த்தல் அரிது என்பதைப் பெற்றோர் யாவரும் அறிவர். அம்மக்களுள்ளும் ஒரு சாரார் உளர். அவர் இருந்த இடத்தில் இரார்; எடுத்த வினையை முடியார்; வினாவை முழுதும் கேட்குமுன்னரே விடையிறுப்பர்; தம் முறை வருமளவும் காத்திரார்; எழுதுகோலையும் குடையையும் நாள்தோறும் தொலைப்பர்; மரத்தைக் கண்டால் ஏறுவர்; நீரைக் கண்டால் குதிப்பர். இவரை ஊரார் அடங்காப் பிள்ளை என்பர். வால் ஒன்றே குறை என்பர். பெற்றோர் கொடுத்த செல்லம் என்பர். இக்காலத்து மருத்துவரோ இவருட் சிலரை 'ஏ.டி.எச்.டி.' என்னும் நான்கெழுத்தாற் குறிப்பர். கவனக்குறைவும் மிகை இயக்கமும் உடைய குறைபாடு என்பது அதன் பொருள். அத்தகைய மகன் ஒருவனை மதுரை மாநகரில் வளர்த்து வரும் பெற்றோர் யாம். எம் பட்டறிவையும், அதன் காரணமாக யாம் கற்றறிந்தவற்றையும், முன்னொரு காலத்து எமக்குக் கல்விக்கண் திறந்த இக்கல்லூரியின் மலர்வாயிலாக அன்பர்க்கு உரைத்தல் பயனுடைத்தென எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

நம் நாட்டில் பிள்ளை வளர்ப்பையும் பிரம்பையும் பிரித்தெண்ணுவார் அரியர். அடியாத மாடு படியாது என்பது பழமொழி. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பது மற்றொன்று. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பியும் உதவார் என்பது இன்னொன்று. பண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் கையில் பிரம்பில்லாத நாளில்லை. குற்றம் பெரிதாயின், உத்தரத்திற் கட்டிய கயிற்றைப் பிள்ளை இரு கையாலும் பற்றித் தொங்க, கீழிருந்து அடி விழும். கோதண்டம் என்பது அதற்குப் பெயர். அக்காலத்து முதியோர் அதனை நகைத்து நினைவுகூர்வதுண்டு. தொங்கி மீண்டவர் நகைக்கலாம்; பள்ளியைவிட்டு ஓடிப்போய் எழுத்தறியாது மாய்ந்தவர் கதையைச் சொல்லுவார் யாருமில்லை.

ஆயினும் அத்திண்ணைப் பள்ளியில் ஒரு நன்மையும் இருந்தது. பிள்ளை ஆங்கு வாய்மூடிக் கைகட்டி நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டுவதில்லை. மணலில் விரலால் எழுதினான். எழுதியதை உரக்கச் சொன்னான். எண்சுவடியைக் கூட்டத்தோடு கூவினான். சட்டாம்பிள்ளையிடம் சிறிது சிறிதாகப் பாடம் ஒப்பித்தான். கண்ணும் கையும் வாயும் ஒருங்கே தொழிற்பட்டன. 1789-ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை மேற்பார்த்த ஆந்திரு பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயிலுவதைக் கண்டு வியந்து, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797-இல் இலண்டனில் அவர் அதனை நூலாக்கி வெளியிட, 'சென்னை முறை' என்னும் பெயரோடு அது பிறநாடுகளிலும் பரவிற்று. பின்னர் விசிப்பலகையும் மணியும் வந்தன. நாற்பது பிள்ளைகள் ஒரே திக்கை நோக்கி ஓசையின்றி அமர்ந்திருத்தல் நல்ல பள்ளிக்கு அடையாளமாயிற்று. பிரம்பு மட்டும் பழைய பள்ளியினின்றும் புதிய பள்ளிக்குக் குடிபுகுந்தது. ஓடியாடி உரக்கச் சொல்லிப் பயிலும் வாய்ப்புக் குடிபுகவில்லை. அமர முடியாத பிள்ளைக்கு இம்மாற்றம் பேரிடராய் முடிந்தது.

நிற்க. இக்குறைபாடு இக்காலத்துக் கைப்பேசியாலும் தொலைக்காட்சியாலும் புதிதாக முளைத்ததோவெனின், அன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் செர்மானிய மருத்துவர் ஆஃப்மன் என்பார் தம் சிறு மகனுக்காக எழுதத் தொடங்கிய படக்கதைத் தொகுதியில் பிலிப்பு என்னும் சிறுவன் வருகின்றான். உணவு மேசையின் அருகே நாற்காலியை ஆட்டி ஆட்டி, முடிவில் விரிப்போடும் கலங்களோடும் அவன் கீழே விழுகின்றான். 1902-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளில், அறிவிற் குறைவின்றியும் தம்மை அடக்கும் ஆற்றலில்லாத பிள்ளைகளைப் பற்றி விரித்துரைத்தார். அடித்துத் தண்டித்த பின்னும் சில மணி நேரத்துள் அதே பிழையை அவர் மீண்டும் செய்தலை அவர் குறித்தார். நூற்றாண்டுக்கு முன் கூறப்பட்ட அவ்வொரு செய்தியே எம் வீட்டின் முழுவரலாறு எனலாம்.

அதன்பின் இதன் பெயர் பலவாறு மாறிற்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நூலில் 1968-இல் ஒரு பெயரும், 1980-இல் கவனக்குறைவை முதன்மைப்படுத்திய மற்றொரு பெயரும், 1987-இல் இன்று வழங்கும் பெயரும் இடம்பெற்றன. பெயர் மாறினும் பிள்ளை மாறவில்லை. உலக நாடுகள் பலவற்றின் ஆராய்ச்சிகளை ஒருங்கு நோக்கியோர் பிள்ளைகளுள் 100-க்கு ஏறக்குறைய 5 பேர் இத்தன்மையர் என்பர். அங்ஙனமாயின், நாற்பதின்மர் அமரும் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓரிருவரேனும் இருத்தல் கூடும்.

இதன் காரணம் யாது? பெற்றோரின் செல்லமும் அன்று. சர்க்கரை மிகுந்த தின்பண்டமும் அன்று. உடலின் உயரம்போலவே பெரும்பாலும் குலவழியாக வருவது இஃது என்று ஆராய்ந்தோர் முடிபு. குறைமாதத்திற் பிறத்தலும் மிகக் குறைந்த எடையோடு பிறத்தலும் இதற்கு இடனாவதுண்டு. 2007-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூளையைப் படமெடுத்து நோக்கியதில், மூளையின் புறணி பெரும்பான்மைப் பிள்ளைகட்கு ஏறக்குறைய 7½ வயதில் எய்தும் தடிப்பின் உச்சத்தை, இப்பிள்ளைகட்கு ஏறக்குறைய 10½ வயதில் எய்துதலைக் கண்டனர். திட்டமிடுதற்கும் தன்னை அடக்குதற்கும் உரிய முன்பகுதியில் அத்தாழ்வு மிகுதி. பத்து வயதுப் பிள்ளையின் உடலில் ஏழு வயதுப் பிள்ளையின் அடக்கத்தை எதிர்பார்த்தல் வேண்டும் என்பது இதனால் யாம் உணர்ந்துகொண்ட பாடம். ஏழு வயதுப் பிள்ளை பத்து வயதுக்குரியதைச் செய்யவில்லையென்று யாரேனும் பிரம்பெடுப்பரோ?

துடுக்கான பிள்ளையெல்லாம் இவ்வகையினன் என்று கருதிவிடலாகாது. பன்னிரண்டு வயதிற்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். ஆறு மாதத்திற்குக் குறையாது நீடித்தல் வேண்டும். வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ அன்றி ஓரிடத்திற்கு மேற்பட்ட இடங்களிற் காணப்படுதல் வேண்டும். வாழ்க்கைக்கும் கல்விக்கும் இடையூறு விளைத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் ஆராய்ந்து முடிவு கூறுதல் பயின்ற மருத்துவரின் கடன். அடுத்த வீட்டாரும் கூறலாகாது, வகுப்பாசிரியரும் கூறலாகாது. மேலும், ஓடியாடாது ஒரு மூலையில் அமர்ந்து சாளரத்தின் வழியே வானத்தை நோக்கியிருக்கும் பிள்ளையும் இவ்வகையினனாதல் உண்டு. பெண்மக்களுட் பலர் அத்தகையர். அவர் யாரையும் தொல்லைப்படுத்தாமையால் அவரை யாரும் கவனிப்பதில்லை. மந்தம் என்ற பெயரோடு அவர் கல்வி முடிந்துவிடுகின்றது.

எம் மகனைப் பற்றி இனிக் கூறுவோம். வாய்ப்பாட்டின் முன் பத்து நிமிடம் இருத்த இயலாத அவன், பட்டம் கட்டத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் தலை நிமிரான். ஈர்க்கைச் சீவுவான், பசை காய்ச்சுவான், வாலின் நீளத்தை மும்முறை அளப்பான். இதனைக் கண்ட உறவினர், "அவனுக்கு வேண்டியதென்றால் கவனம் எங்கிருந்து வருகிறது? வேண்டுமென்றே செய்கிறான், நாலு போட்டால் சரியாகிவிடும்" என்றனர். இவ்வினா பொருளற்ற வினா அன்று. எம்மையும் பன்னாள் அலைக்கழித்த வினாவே அஃது. இதற்கு விடை, மேலூரை அடுத்த சிற்றூரில் உழுதுண்டு வாழும் எம் மாமனார் வாயிலாக எமக்குக் கிடைத்தது. அவர் பள்ளிக்கல்வி மிகுதியும் பெற்றவரல்லர். "மாப்பிள்ளை, வைகையில் தண்ணீர் இல்லாமலா நம் பக்கம் காய்ந்து கிடந்தது? வருகிற காலத்தில் கரையை உடைத்துக்கொண்டு வரும். வேண்டிய காலத்தில் வராது. பெரியாற்று அணை கட்டி, பேரணையில் மறித்து, வாய்க்கால் வெட்டி, மடைக்கு மடை முறை வைத்த பிறகல்லவா நாம் நெல்லைக் கண்டோம்? பையனிடம் தண்ணீர் இருக்கிறது, மடைதான் இல்லை" என்றார்.

1895-இல் முல்லைப் பெரியாற்று அணை முடிவுற்றதையும், அந்நீர் மலையைக் குடைந்த வழியாக வந்து வைகையிற் கலந்து, பேரணையினின்று கால்வாய் வழியே மேலூர் வரை பாய்ந்ததையும் யாம் சரித்திர நூலிற் படித்தவரே. ஆனால் அதனை எம் மகனுக்குப் பொருத்திக் காண யாரும் கற்பிக்கவில்லை. பின்னர் மருத்துவரும் இதனையே வேறு சொற்களாற் கூறினார். இப்பிள்ளைகட்குக் கவனம் என்னும் பொருள் இல்லாமலில்லை. அதனை வேண்டிய இடத்திற்கு வேண்டிய காலத்தில் திருப்பும் ஆற்றலே குறைவு. புதுமையும் விருப்பமும் உடைய செயல் தானே அக்கவனத்தை இழுத்துக்கொள்ளும். சுவையற்ற செயலுக்குப் பிள்ளை தானே திருப்ப வேண்டும். ஆங்கேதான் அவன் தோற்கின்றான். ஆற்றை அடித்துத் திருப்பினார் யாருமிலர். கரையெடுத்தும் மடை வைத்துமே திருப்பினர்.

அடியைப் பற்றி ஒரு சொல். மிஷன் பள்ளிகளிலும் கிறிஸ்தவ இல்லங்களிலும் 'சிட்சை' என்னும் சொல் தண்டனை என்ற பொருளில் வழங்குகின்றது. அச்சொல்லின் மூலமாகிய வடசொல்லோ கற்பித்தல், பயிற்றல் என்னும் பொருளது. ஆங்கிலத்தில் வழங்கும் 'டிசிப்ளின்' என்பதும் அங்ஙனமே; இலத்தீன் மொழியிற் கற்றலைக் குறித்த சொல்லினின்று பிறந்து, சீடனைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஆதலால் கற்பிக்காத தண்டனை எதுவாயினும் அது சிட்சை ஆகாது. சாலொமோனின் நீதிமொழிகள் பிரம்பைப் பேசுகின்றனவே என்பார்க்கு, தாவீதின் சங்கீதத்தில் மேய்ப்பன் கைக்கோல் ஆட்டிற்கு ஆறுதலாய் நிற்பதையும் நினைவூட்டுவோம். நம் சீமையில் அறுவடையான வயல்களிற் கிடை போடும் கீதாரி கையிலும் ஒரு கோல் உண்டு. அவர் அதனால் கிளையை வளைத்துத் தழை கொடுப்பார். வழி தவறிய குட்டியை மறித்துத் திருப்புவார். ஆட்டை அடித்துக் கொல்லும் கீதாரியின் கிடையை எவரும் தம் வயலுக்கு அழையார்.

அடி இப்பிள்ளைகட்கு ஏன் பயன்படாது என்பதும் அறியத்தக்கது. அடியின் பயன், செயலுக்கு முன் அதன் விளைவை நினைத்தலிலே உளது. இப்பிள்ளையிடம் குறைந்திருப்பது அம்முன்னினைவே. எனவே அடி வாங்கியதை அவன் மறவான். ஆனால் அடுத்த முறை கை நீளும் கணத்தில் அது நினைவுக்கு வாராது. வந்த பின்னர் அழுவான். நாளடைவில் அவன் கற்பது ஒன்றே: 'நான் கெட்டவன்' என்பது. அவ்வெண்ணம் வேரூன்றிய பிள்ளையைத் திருத்துதல் குறைபாட்டைத் திருத்துதலினும் கடினம்.

எம் மகனுக்கு ஆறு வயதான ஆண்டு, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றிலிறங்கும் நாளன்று, பெருங்கூட்டத்தின் நடுவே அவன் எம் கையை உதறி மறைந்தான். ஒரு மணி நேரம் யாம் பட்ட பாடு எழுத்திலடங்காது. இறுதியில் ஒரு மண்டகப்படியின் அருகே, அழகர்க்கு நீர் பீய்ச்சும் அடியவர் ஒருவரின் தோற்பையைத் தானும் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, முழுதும் நனைந்து, முகமெல்லாம் மகிழ்ச்சியோடு நின்றவனைக் கண்டோம். சூழ நின்றவர், "இரண்டு கொடுங்கள், இனி ஓடமாட்டான்" என்றனர். கை துடித்தது உண்மை. ஆனால் அவன் எம்மைத் துன்புறுத்த ஓடவில்லை. நீர் தெறித்ததைக் கண்டான், ஓடினான். இடையில் எண்ணம் என்பதொன்று நிகழவேயில்லை. அடித்திருப்பின், எம்மைக் கண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டதற்கு அடி கிடைத்ததென்றே அவன் கொண்டிருப்பான். வீடு திரும்பிய பின் பிள்ளைக்கு ஒரே ஒரு விதி வகுத்தோம்: கூட்டத்தில் எதைக் கண்டாலும் முதலில் எம் கையை இருமுறை அழுத்தல் வேண்டும். இதனை வீட்டு முற்றத்திலும், காய்கறிச் சந்தையிலும், பேருந்து நிலையத்திலும் விளையாட்டாகவே நூறு முறைக்கு மேற் பழக்கினோம். அவன் அழுத்தியபோதெல்லாம் யாமும் உடனே நின்று, அவன் காட்டியதை நோக்கினோம். இன்று அவனுக்கு வயது பதினொன்று. அழுத்துதலை இன்னும் விடவில்லை.

இதுவே எம் முறைகளுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. அவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, ஏவல் சிறிதாதல் வேண்டும். "கைகால் கழுவி, உடை மாற்றி, பையை எடுத்து வைத்து, பால் குடித்துவிட்டு வா" என்பது நான்கு ஏவல். இப்பிள்ளையின் நினைவில் ஒன்றே தங்கும். அடுக்களையிலிருந்து கூவுவதும் வீண். அருகிற்சென்று, தோளைத் தொட்டு, முகம் நோக்கி, ஒன்றைச் சொல்லி, அது முடிந்தபின் அடுத்ததைச் சொல்லுதல் வேண்டும். காலையிற் செய்யவேண்டிய ஆறு செயல்களை அவனே ஆறு படங்களாக வரைந்து கதவில் ஒட்டினான். எம் குரலுக்குப் பதில் அக்கதவு பேசுகின்றது. வீட்டிற் பூசலும் பாதியாயிற்று.

இரண்டாவது, பரிசில் அருகில் இருத்தல் வேண்டும். ஆண்டிறுதித் தேர்வில் வென்றால் மிதிவண்டி என்பது இப்பிள்ளைக்கு மறுபிறப்பில் தருவோம் என்பதுபோல. எம் இல்லாள் ஒரு சிறு மண்கலயமும் ஒரு படி புளியங்கொட்டையும் எடுத்துவைத்தாள். சொன்னதைச் சொன்னவுடன் செய்தால் அக்கணமே ஒரு கொட்டை கலயத்தில் விழும். பத்துச் சேர்ந்தால் மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி வருதல். இருபது சேர்ந்தால் பட்டத்திற்கு நூற்கண்டு. கலயத்தில் விழுந்த கொட்டையை எக்குற்றத்திற்கும் திரும்ப எடுப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். ஈட்டியது பறிபோகுமாயின் ஈட்டும் விருப்பமே அற்றுப்போம் என்று கருதியே அவ்வாறு செய்தோம்.

மூன்றாவது, தண்டனை சிறிதாகவும், உடனடியாகவும், முன்னரே அறிவிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். தங்கையை அடித்தால் உள்திண்ணையில் தனித்திருத்தல் எம் வீட்டு விதி. வயதிற்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. முடிந்தபின் அதைப் பற்றிய பேச்சு இல்லை. மாலையில் தந்தையிடம் முறையீடும் இல்லை. பொருளைக் கெடுத்தால் செப்பம் செய்தல் வேண்டும். பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியைப் பந்தால் உடைத்தவன், தன் கையாலேயே புதுத்தொட்டிக்கு மண் சுமந்து, செடியை நட்டு, பத்து நாள் நீரும் ஊற்றினான். அவ்வீட்டு அம்மையார் அவனை இப்பொழுது தம் தோட்டக்காரன் என்றழைக்கின்றார்.

நான்காவது, உடலின் துடிப்பிற்கு வடிகால் வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடிய பின்னரே புத்தகம். புத்தகமும் பதினைந்து நிமிடம். பின் ஐந்து நிமிடம் இளைப்பாறல். வாய்ப்பாட்டைப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே சொல்லுகின்றான். இருக்க மறுத்த பதினாறாம் வாய்ப்பாடு படியேறி நினைவிற் புகுந்தது. திண்ணைப் பள்ளியின் கூவலை யாம் மீட்டுக்கொண்டோம், கோதண்டத்தை விட்டுவிட்டோம்.

ஐந்தாவது, பெற்றோரின் சினம். இதுவே யாவற்றினும் அரிது. சினம் மூண்டபோது எம்மிருவருள் ஒருவர் பின்கட்டிற்குச் சென்று ஒரு குவளை நீர் பருகி மீளுதல் என்றும், மற்றவர் அதுகாறும் பிள்ளையோடிருத்தல் என்றும் ஏற்பாடு. பிள்ளை செய்யும் பத்துப் பிழைகளுள் உயிர்க்கும் பிறர்க்கும் ஊறு செய்யும் இரண்டையே கண்டிப்போம். காலாட்டலையும் சட்டைப் பொத்தான் பிழையையும் காணாதார்போல் இருப்போம்.

இவற்றால் நோய் முற்றும் நீங்கியதோ எனின், இல்லை. இன்றும் குடை தொலைகின்றது. இன்றும் விடைத்தாளில் இறுதி வினா விடுபடுகின்றது. ஆனால் வீட்டில் அழுகை குறைந்தது. தங்கைக்கும் ஒரு கலயம் வைத்தமையால் அவள் மனக்குறையும் தீர்ந்தது. 'அடிக்காமல் கெடுக்கிறாய்' என்று எம் இல்லாளைக் குற்றஞ்சாட்டிய அப்பத்தாளே இப்பொழுது புளியங்கொட்டையைக் கழுவி உலர்த்தித் தருகின்றார். பிள்ளையின் குறைக்குத் தாயையே பழிக்கும் வழக்கம் நம் குடும்பங்களிற் பெரிதும் உண்டு. ஈன்றவளின் மனவலிமை குன்றினால் எம்முறையும் நடவாது என்பதை உறவினர் உணர்தல் நன்று.

மருந்தைப் பற்றியும் பலர் வினவுவர். 1937-இல் அமெரிக்காவின் ரோடு தீவு மாநிலத்துச் சிறுவர் மருத்துவமனையொன்றில் சார்லஸ் பிராட்லி என்பார் 30 பிள்ளைகட்கு ஒருவகை ஊக்க மருந்தை அளித்தபோது, அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் பாடத்தில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். ஊக்கும் மருந்து அடக்கத்தைத் தருதல் முரணாகத் தோன்றலாம். ஊக்கப்படுவது தன்னை ஆளும் மூளைப்பகுதி என்று கொண்டால் முரணில்லை. மடை காப்பான் உறக்கத்தினின்று எழுகின்றான். 1944-இல் மெத்தில்பெனிடேட் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. இன்றும் அதுவே பெரிதும் வழங்குகின்றது. 1999-இல் வெளியான பேராராய்ச்சி ஒன்று 579 பிள்ளைகளை 14 மாதங்கள் தொடர்ந்து நோக்கிற்று. செவ்வனே அளவிட்டுத் தந்த மருந்து அடிப்படைக் குறிகளைத் தணித்தலில் சிறந்தது என்றும், மருந்தோடு நடத்தைப் பயிற்சியும் கூடியபோது சற்றுக் குறைந்த மருந்தளவே போதியதாயிற்று என்றும் அதனால் அறிந்தனர். ஆறு வயதிற்குட்பட்ட சிறார்க்குப் பெற்றோர் பெறும் பயிற்சியே முதல் மருந்து என்பது மருத்துவர் கொள்கை. பசிக்குறைவு, உறக்கக்குறைவு முதலியன மருந்தால் வருதல் கூடுமாதலால், மருத்துவர் கண்காணிப்பின்றி இதனை உட்கொள்ளலாகாது. அஞ்சி விலக்குதலும் ஆசையால் மிகுத்தலும் ஒப்பத் தீயன.

பள்ளியைப் பற்றிச் சிறிது கூறுவோம். எம் மகன் முதலிற் பயின்ற பள்ளியொன்றில், வகுப்பிற்கு வெளியே நிற்றலே அவன் நாட்கடனாயிற்று. வெளியே நின்றவன் என்ன கற்பான்? வேறு பள்ளிக்கு மாற்றினோம். ஆங்கு ஓர் ஆசிரியை அவனை முன்வரிசையில், சாளரத்திற்கு எட்ட அமர்த்தினார். இருபது கணக்கை ஐந்தைந்தாகப் பிரித்துத் தந்தார். ஒவ்வோர் ஐந்தும் முடிந்தபின் கரும்பலகை துடைக்கவும் ஏடுகளைப் பங்கிடவும் ஏவினார். எழுந்து நடத்தல் குற்றமாயிருந்த இடத்தில் அதுவே கடமையாயிற்று. இதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை.

அரசும் வாளாவிருக்கவில்லை. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 2003-இல் செய்த திருத்தம் மாணாக்கரை உடலாலும் மனத்தாலும் நோவச் செய்தலைத் தடுத்தது. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் அதனையே நாடு முழுதும் சட்டமாக்கிற்று. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறுவர் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் ஆராய வேண்டிய குறைகளின் பட்டியலில் இக்குறைபாட்டையும் சேர்த்தது. கண்டறியப்பட்டோரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புதல் அத்திட்டத்தின் முறை. முன்னாளில் எர்ஸ்கின் மருத்துவமனை எனப்பட்ட மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு உண்டு. பொருளில்லாதார்க்கு வழியில்லை என்று சோர்தல் வேண்டா. மனநல மருத்துவரைக் காண்டல் இழுக்கென்று கருதி, மந்திரித்துக் கயிறு கட்டி ஆண்டுகளைப் போக்குவோர் நம் சுற்றூர்களில் இன்னும் உளர். பல்வலிக்கு மருத்துவரை நாடுவதில் நாணமில்லையாயின் இதில் மட்டும் நாணம் எற்றுக்கு?

இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்காள்! பிள்ளையுமில்லாத எமக்கு இது எற்றுக்கு என்று நீவிர் கருதலாகாது. இக்குறைபாடு வளர்ந்தபின் பலரிடம் தணியினும், பலரைவிட்டு முற்றும் அகல்வதில்லை. விடுதி அறையில் மூன்று நூல்களைத் திறந்து வைத்து ஒன்றையும் முடியாது, கட்டணம் கட்டும் நாளை மறந்து, தேர்வு முந்திய இரவில் மட்டும் விழித்து, 'சோம்பேறி' என்று தம்மைத் தாமே வெறுத்துக்கொள்ளும் இளைஞர் உங்களுள் இருத்தல் கூடும். அவர் தம்மை வெறுக்குமுன் ஒருமுறை மருத்துவரைக் காண்பாராக. அவர்தம் தோழர் ஏளனம் செய்யாது, அருகமர்ந்து உடன்படிப்பாராக.

உங்களுட் பலர் நாளை ஆசிரியராகி, உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ மேலூரிலோ ஒரு வகுப்பறையின் முன் நிற்பீர்கள். நாற்பது முகங்களுள் ஒன்று உம்மை நோக்காது. ஒரு கால் ஓயாது ஆடும். ஒரு கை வினா முடியுமுன் உயரும். அவனை வெளியே நிறுத்துதல் எளிது. அவனுக்குத் துடைப்பதற்குக் கரும்பலகையும், பங்கிடுவதற்கு ஏடுகளும், ஐந்தைந்தாகக் கணக்கும் தருதல் சற்றே அரிது. அரியதனையே செய்யுமாறு, அத்தகைய பிள்ளை ஒருவனின் பெற்றோராகிய யாம் உங்களை வேண்டிக்கொள்கின்றோம்.